விதை காப்பவருக்கு ஊதியம் வேண்டும்

1970களில் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் நெல் வயல்களைப் புகையான் படாதபாடு படுத்தியது. தண்டில் அமர்ந்து சாற்றை உறிஞ்சியதோடு நிற்காமல், பயிரைப் புல்போலக் குட்டையாக்கிக் கதிர் பிடிக்கவிடாமல் செய்யும் ஒரு வைரஸையும் அது வயலுக்கு வயல் பரப்பியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் கையிருப்பிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. நோயைத் தாங்கியது ஒன்றே ஒன்று. அதுவும் நாம் பயிரிடும் நெல் அல்ல. உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட ஒரைசா நிவாரா என்ற காட்டுநெல். அந்த மாதிரியிலும் எல்லாச் செடிகளும் தாங்கவில்லை, சிலவே தாங்கின. குர்தேவ் சிங் குஷ் தலைமையிலான குழு அந்தச் சில செடிகளின் குணத்தைச் சாகுபடி நெல்லில் ஏற்றியது. அப்படி உருவாகி 1976இல் வெளிவந்த ஐ.ஆர்.36, 1980களில் ஒரு கோடியே பத்து லட்சம் ஹெக்டேரில் பயிராகி, அதுவரை உலகில் எந்த நெல் ரகமும் காணாத பரப்பை எட்டியது. ஆசியாவின் சோற்றுப் பானையைக் காத்த அந்த மரபணு, ஒரு வேற்று இனத்தின் ஒரேயொரு சேகரிப்பில், அதிலும் சில விதைகளில் மட்டுமே இருந்தது. சேகரித்தவர் அன்று வேறொரு குட்டையின் கரையில் இறங்கியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

மரபணு வேறுபாடு என்றதும் ரகங்களின் பெயர்ப் பட்டியல்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் வேறுபாடு மூன்று தளங்களில் இருக்கிறது: நெல் பேரினத்தின் இருபதுக்கும் மேற்பட்ட இனங்களுக்கு இடையே, ஒரே இனத்தின் ரகங்களுக்கு இடையே, ஒரே ரகத்தின் செடிகளுக்கு இடையே. தமிழக வயல்களில் பல ஆண்டுகள் கோலோச்சிய ஐ.ஆர்.20, திரூர்குப்பத்தில் உருவான டி.கே.எம்.6 ரகத்தைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்டது. தண்டுதுளைப்பானையும் பாக்டீரியா இலைக்கருகலையும் எதிர்க்கும் குணத்துக்காகவே டி.கே.எம்.6 தேடப்பட்டது. காவிரிப் படுகையில் வெள்ளம் வடிந்தபின் மீண்டும் தலைதூக்கும் சி.ஆர்.1009 சப்-1 நெல்லின் ஆற்றல், எஃப்.ஆர்.13ஏ என்ற ஒடிசாவின் பழைய நெல்லிலிருந்து வந்தது. இப்படி நம் நவீன ரகங்கள் ஒவ்வொன்றும் பெயர் தெரியாத உழவர்களுக்குக் கடன்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த ரகங்களே வயலை நிரப்பும்போது, கடன் வாங்கிய இடம் வறண்டு போகிறது. இன்றைய குட்டை ரகங்களில் பெரும்பாலானவை ஒரே குட்டை மரபணுவைச் சுமப்பவை; பெயர்தான் வேறு வேறு. இந்த ஒருமையின் ஆபத்தை அமெரிக்கா கண்டிருக்கிறது: அந்நாட்டு மக்காச்சோளத்தில் பெரும்பகுதி ஒரே வகை ஆண்மலட்டுத் தாய்வழியைக் கொண்டிருந்ததால், 1970இல் ஓர் இலைக்கருகல் பூஞ்சை அதன் விளைச்சலில் சுமார் 15 விழுக்காட்டைத் தின்று தீர்த்தது.

விதை வங்கிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை வேண்டும், அவை இல்லாவிட்டால் ஐ.ஆர்.36 இல்லை. ஆனால் அவற்றை மட்டும் நம்புவது பேதமை. பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசியப் பயிர் மரபணு வங்கி 2006இல் புயல் வெள்ளத்திலும் 2012இல் தீயிலும் சேதமடைந்தது. கட்டடம் பத்திரமாக இருந்தாலும் வேறொரு குறை உண்டு. குளிரறையில் விதை உறங்குகிறது. வெளியே பூஞ்சையும் பூச்சியும் உறங்குவதில்லை. ஆண்டுதோறும் வயலில் முளைத்து, அந்தந்த ஆண்டின் நோயையும் வறட்சியையும் சந்தித்து, பிழைத்த செடியிலிருந்து விதை எடுக்கப்படும் நெல்தான் காலத்தோடு மாறுகிறது. வயலில் உள்ள வேறுபாடே நோயைத் தடுக்கும் என்பதற்கும் சான்று உண்டு. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான உழவர்கள் ஒட்டும்தன்மையுள்ள பாரம்பரிய நெல்லையும் கலப்பின நெல்லையும் ஒரே வயலில் மாற்றி மாற்றி நட்டார்கள். அந்தப் பாரம்பரிய நெல்லில் குலைநோயின் தாக்கம் 94 விழுக்காடு குறைந்தது என்று 2000ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழ் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இங்கே ரகங்களை வயலிலேயே காக்கும் வேலையைச் செய்பவர்கள் யார்? நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களைத் தேடித் திரட்டியது ஊர் அறிந்தது. அவரைப் போன்றோர் இன்றும் அரை ஏக்கரிலும் கால் ஏக்கரிலும் பத்து, இருபது ரகங்களைப் பாத்தி கட்டிக் காக்கிறார்கள். தமிழக அரசு 2021இல் அவர் பெயரில் ஒரு பாதுகாப்பு இயக்கத்தை அறிவித்தது பாராட்டத்தக்கது. ஆனால் விதையைப் பெருக்கி மலிவு விலையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. சந்தைக்குப் பிடித்தவை கருப்பு கவுனி, மாப்பிள்ளை சம்பா, தூயமல்லி, சீரக சம்பா என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. எல்லா நோயும் தீரும் என்று பொட்டலத்தில் அச்சடித்து விற்கப்படும் அரிசிக்கு மவுசு கூடக் கூட, அந்த அதிர்ஷ்டம் இல்லாத நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் வயலை விட்டு வெளியேறும். பாரம்பரிய அரிசி மோகமே பாரம்பரியத்தைச் சுருக்கும் விந்தை இது. கொள்முதல் நிலையத்துக்கோ நெல் என்றால் சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டு தலைப்புகள்தான். ஆகவே, அரிசி விற்றாலும் விற்காவிட்டாலும், அருகிவரும் ரகத்தை விதைத்து விதை எடுக்கும் உழவருக்குப் பருவந்தோறும் அரசு நேரடியாக ஊதியம் தர வேண்டும். எவ்வளவு அரிதோ அவ்வளவு கூடுதல் ஊதியம். சான்று விதைக்குரிய தூய்மை அளவுகோலை அந்த வயல்களில் வைக்கவும் கூடாது. செடிக்குச் செடி வேறுபாடு இருப்பதுதான் அங்கே காக்கப்படும் பொருள்.

ஏக்கருக்குக் குறைவாக விளையும் நெல்லுக்கு மக்கள் பணத்தைக் கொட்டுவதா என்ற கேள்வி நியாயமானது. டெல்டா முழுவதும் பழைய நெல்லுக்குத் திரும்பினால் பசிதான் மிஞ்சும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அப்படித் திரும்பச் சொல்பவர்களோடு நாம் உடன்படவும் இல்லை. இங்கே கோருவது மிகச் சிறிய பரப்பு. ஒரு ரகத்தை வெவ்வேறு மண்ணும் மழையும் உள்ள சில மாவட்டங்களில் சில உழவர்கள் வைத்திருந்தால் போதும். விளைச்சல் இழப்பு மாநில உற்பத்தியில் தெரியவே தெரியாது.

இன்னொரு மறுப்பு ஆய்வகத்திலிருந்து வருகிறது. மரபணுவைத் திருத்தி வேண்டிய குணத்தை உண்டாக்கலாம், பழையதைச் சுமப்பானேன் என்கிறார்கள். மரபணு திருத்தப்பட்ட இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்தது. அந்தத் தொழில்நுட்பத்தை வேண்டாம் என்று சொல்ல நமக்குக் காரணமில்லை. ஆனால் எதைத் திருத்துவது என்று முதலில் தெரிய வேண்டுமே. பாஸ்பரஸ் குறைந்த மண்ணிலும் வேர் பரப்பச் செய்யும் ஒரு மரபணுவை 2012இல் அறிவியலாளர்கள் உறுதிப்படுத்தினார்கள். அது கசலத் என்ற பழைய நெல்லில் இருந்தது. ஆய்வுகளுக்கு உலகமே அடிப்படையாகக் கொண்ட நிப்பான்பரே நெல்லின் மரபணு வரிசையில் அது இல்லவே இல்லை. கசலத் அழிந்திருந்தால், இப்படியொன்று உண்டு என்பதைக்கூட எந்த ஆய்வகமும் அறிந்திருக்காது.

காட்டுநெல்லின் நிலை இன்னும் மோசம். உழவருக்கு அது களை, வனத்துறைக்கு அது பொருட்டே இல்லை. அது வளர்வது காப்புக்காட்டில் அல்ல. குளத்தங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் மழைநீர் தேங்கும் புறம்போக்குப் பள்ளங்களிலும். வீட்டுமனைக்கும் சாலைக்கும் முதலில் பலியாகும் நிலங்கள் அவையே. தூர்வாருவதையோ கரை கட்டுவதையோ யாரும் எதிர்க்க வேண்டியதில்லை. எந்திரம் இறங்குமுன் அங்கே என்ன வளர்கிறது என்று பார்ப்பதற்குச் செலவு மிகக் குறைவு. ஊராட்சிகளின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் காட்டுநெல் உள்ள இடங்களைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு குறிக்க வேண்டும். அவற்றில் சிலவற்றையாவது பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்கீழ் பாரம்பரியத் தலங்களாக அறிவிக்க வேண்டும். விதை காக்கும் உழவருக்கான ஊதியத்துக்கு அடுத்த வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே தனித் தலைப்பில் பணம் ஒதுக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.