கொக்கியில் தொங்கிய கண்டுபிடிப்பு

1977 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்கக் கடைகளில் ஒரு விநோதமான சரக்கு விற்றது. தட்டையான, பெரிய அட்டை உறை. மேலே 'ஸ்டார் வார்ஸ்' படம். உள்ளே பொம்மை கிடையாது. ஒரு சான்றிதழ், கொஞ்சம் ஒட்டுப்படங்கள், பொம்மை வந்து சேர்ந்தால் நிறுத்தி வைக்க ஓர் அட்டை மேடை, அவ்வளவுதான். சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் வீடு தேடி வரும்: லூக், லேயா, சுபாக்கா, ஆர்டூ-டீடூ. படம் வெளியானது மே மாதம். அது இப்படி ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை; டிசம்பருக்குள் பொம்மை வார்த்து முடிக்க கென்னர் நிறுவனத்தால் முடியவில்லை. அதனால் வெறும் உறையை விற்றார்கள். அதுவும் விற்றது.

"எங்கள் காலத்தில் பொம்மைக் கடைக்குப் போய் நாங்களே கண்டுபிடிப்போம்" என்று யாராவது உருகினால் அந்த உறையை எடுத்து நீட்டத் தோன்றுகிறது எனக்கு.

இந்த உருக்கம் இப்போது ஒரு மதம்போல ஆகிவிட்டது. நாற்பதைத் தாண்டிய ஆண்கள்தான் பெரும்பாலும் இதன் பக்தர்கள். அவர்கள் சொல்லும் கதையில் எப்போதும் ஒரு சனிக்கிழமை வரும். அம்மா வேறு ஏதோ வாங்கிக்கொண்டிருப்பாள். பிள்ளை ஓடிப்போய் அந்த வரிசையில் நிற்பான். கொக்கிகளில் அட்டை அட்டையாகத் தொங்கும் பொம்மைகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பான். கடைசியில், அதுவரை இருப்பதே தெரியாத ஒரு வீரன்! இன்றைய பிள்ளைகளுக்கு இந்தப் பாக்கியம் இல்லை, எல்லாவற்றையும் ஆறு மாதம் முன்னாலேயே திரையில் பார்த்துவிடுகிறார்கள், வியப்பு செத்துவிட்டது என்று கதை முடியும்.

அந்தப் பிள்ளையின் நெஞ்சு படபடத்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. அதற்குக் 'கண்டுபிடிப்பு' என்று பெயர் சூட்டுவதைத்தான் மறுக்கிறேன். வலை விரித்தவனைக் கேட்டால், மீன் தன்னைக் கண்டுபிடித்தது என்றா சொல்வான்?

பெயரிலிருந்தே தொடங்கலாம். 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற சொல்லைக் குழந்தைகள் உண்டாக்கவில்லை. 1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோவைக் கொண்டுவந்தபோது, உடை மாற்றி விளையாடும் அந்தப் பொம்மையைப் பொம்மை என்று சொன்னால் பையன்களின் அப்பாக்கள் வாங்கமாட்டார்கள் என்ற பயத்தில் விற்பனைக்காக உருவாக்கிய சொல் அது. அறுபது ஆண்டு கழித்தும் நடுவயது ஆண்கள் "இது பொம்மை இல்லை" என்று சண்டைக்கு வருகிறார்கள். விளம்பரத்துக்கு இதைவிட நீண்ட ஆயுள் கேட்க முடியாது.

1980களைத்தான் இவர்கள் பொற்காலம் என்கிறார்கள். அந்தப் பத்தாண்டில் கடை வாசலை மிதிப்பதற்கு முன்பே பிள்ளையின் தலைக்குள் என்னென்ன ஏற்றியிருந்தார்கள் என்று பாருங்கள். மேட்டல் நிறுவனம் ஹீ-மேன் பொம்மைகளை 1982இல் இறக்கியது. 1983இல் அதே ஹீ-மேன் தொலைக்காட்சியில் தினசரி கார்ட்டூனாக வந்தான். 1984இல் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை அமெரிக்க அரசின் ஒலிபரப்பு ஆணையம் எடுத்தேவிட்டது. அதன்பிறகு எது நிகழ்ச்சி, எது விளம்பரம் என்று பிரித்துப் பார்ப்பதே வீண் வேலை. அதற்கு முன்பே ஹாஸ்ப்ரோ இன்னும் கெட்டிக்காரத்தனமான ஒரு வழியைப் பிடித்திருந்தது. பொம்மை விளம்பரத்தில் இவ்வளவு நொடிதான் கார்ட்டூன் காட்டலாம் என்று கட்டுப்பாடு உண்டு. காமிக்ஸ் புத்தகத்தின் விளம்பரத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. காமிக்ஸுக்குத் தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுக்க யாரும் யோசித்ததே இல்லை. ஆகவே 1982இல் ஜி.ஐ. ஜோ மீண்டும் வந்தபோது மார்வெல் வெளியிட்ட ஜி.ஐ. ஜோ காமிக்ஸுக்கு விளம்பரம் ஓடியது. முழுக்க முழுக்கக் கார்ட்டூன். புத்தகத்துக்குத்தான் விளம்பரம் என்று சட்டம் நம்பிக்கொண்டது. எதற்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

1986இல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' கார்ட்டூன் திரைப்படம் வந்தது. பிள்ளைகள் தந்தையைப்போல நேசித்த ஆப்டிமஸ் பிரைம் படம் பாதிகூட ஆகாத நிலையில் செத்துப்போனான். அரங்குகளில் பிள்ளைகள் தேம்பி அழுதார்கள். அவன் ஏன் சாக வேண்டியிருந்தது? 1984இல் வந்த பொம்மைகளுக்கு வயதாகிவிட்டது, புதிய பொம்மைகளுக்கு இடம் வேண்டியிருந்தது. கதையில் பங்கெடுத்தவர்களே பின்னாளில் ஒளிக்காமல் சொன்ன காரணம் இது. அழுகை ஹாஸ்ப்ரோவின் காதில் விழுந்தது என்பதும் உண்மைதான்: மறுஆண்டு வந்த ஜி.ஐ. ஜோ படத்தில் ட்யூக் என்ற நாயகன் சாவதாக இருந்ததை அவசரமாக மாற்றி, மயக்கத்தில் கிடக்கிறான் என்று சமாளித்தார்கள். இதற்குப் பிறகு கடைக்குப் போன ஒரு சிறுவன் கொக்கியில் புதிய தலைவனைப் பார்த்து வியந்திருப்பான். எழவு வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த தெருவில் கல்யாணப் பந்தல் போட்டு வைத்திருந்தார்கள். அதில் அவன் எதைக் கண்டுபிடித்தான்?

"இருப்பதே தெரியாத வீரன்" என்கிறார்களே, அதுவும் அரைகுறை உண்மை. ஸ்டார் வார்ஸின் முதல் அட்டைகளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் பன்னிரண்டு பொம்மைகளின் படமும் இருக்கும். ஒன்றை வாங்கிய பிள்ளை மீதிப் பதினொன்று தன்னிடம் இல்லை என்பதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனது. சியர்ஸ் போன்ற பெரிய கடைகளின் கிறிஸ்துமஸ் விலைப்பட்டியல் புத்தகம் வேறு வீட்டுக்கே வந்துவிடும். பக்கத்தின் ஓரத்தை மடித்து, வேண்டியதைப் பேனாவால் வட்டமிட்டு அப்பா கண்ணில் படும்படி வைத்த கதையையும் இவர்களே சொல்கிறார்கள். ஆறு மாதம் முன்னால் திரையில் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், காகிதத்தின் வாசனையைத் தவிர?

கிடைக்காமல் அலைந்த சுகத்தையும் பாடுகிறார்கள். கடைக்கு வரும் சரக்குப் பெட்டியில் எந்தப் பொம்மை எத்தனை என்பது கணக்கு. நாயகன் நாலைந்து இருந்தால் பக்கத்துப் பாத்திரம் ஒன்றே ஒன்று இருக்கும். எது அபூர்வம் என்பது பெட்டி அடுக்கிய இடத்தில் முடிவாகிவிட்ட விஷயம். பிள்ளை கடை கடையாக அலைந்து அதை நிரூபித்தது.

சரி, கடையாவது புனிதமா? டாய்ஸ் ஆர் அஸ் கடைகள் 2018 ஜூனில் அமெரிக்கா முழுவதும் மூடப்பட்டபோது ஒப்பாரி பெரிதாக எழுந்தது. சின்னத்தின் ஒட்டகச்சிவிங்கியை வரைந்து அழுதார்கள். இணையம் கொன்றது, பிள்ளைகளின் கைபேசி கொன்றது என்றார்கள். 2005இல் மூன்று முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 660 கோடி டாலருக்கு அதை வாங்கி, வாங்கிய கடனைக் கடையின் தலையிலேயே கட்டியதைப் பற்றி அந்த ஒப்பாரியில் அதிகம் இல்லை. சம்பாத்தியம் வட்டிக்கே போன கடை எங்கே புதுப்பித்துக்கொள்ளும்? முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். பணிமுடிவுத் தொகையே இல்லாமல் வெளியே அனுப்பப்பட்டு, தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் இரண்டு முதலாளி நிறுவனங்கள் 2 கோடி டாலர் நிதி ஒதுக்கின. கொக்கியில் அட்டையை மாட்டியவர்கள் அந்த ஊழியர்கள்தான். ஏக்க நினைவுகளில் இவர்களுக்கு முகமே இல்லை. இன்னொன்றும் உண்டு: இந்தப் பெருங்கடை வளர்ந்த காலத்தில்தான் தெருமுனைப் பொம்மைக் கடைகள் மூடிக்கொண்டு போயின. அன்றைக்கு அழுதவர்கள் வேறு ஆட்கள்.

நமக்கும் இதில் ஒரு நூல் உண்டு. எம்.ஆர்.எஃப். குழுமம் ஹாஸ்ப்ரோவுடன் சேர்ந்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. அமெரிக்காவில் ஓய்ந்த வார்ப்புகளை வைத்து அவர்கள் இங்கே ஜி.ஐ. ஜோ செய்தார்கள், நிறம் சில நேரம் மூலத்தோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கும். அந்தக் கோணல் நிறத்துக்காகவே அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அன்றைக்கு இங்கே அதை வாங்க முடிந்த பிள்ளைகள் மிகக் குறைவு. மற்றவர்களுக்குக் கண்ணாடி அலமாரிக்கு வெளியே நிற்கும் அனுபவம் கிடைத்தது. எங்களுக்கெல்லாம் தேர்த் திருவிழாக் கடைதான்: ஓலைக் கிலுகிலுப்பை, சாவி கொடுத்தால் பல்டி அடிக்கும் தகரக் குரங்கு, அதன் சாயம் கையில் ஒட்டிக்கொள்ளும் விதம்... பார்த்தீர்களா, நானும் ஆரம்பித்துவிட்டேன். இந்த நோய்க்கு யாரும் விலக்கில்லை.

வியப்பு செத்துவிட்டது என்ற புலம்பலுக்குப் பதில் லபூபு பொம்மைக்கான வரிசையில் நிற்கிறது. உள்ளே எது இருக்கிறதென்று தெரியாத மூடிய பெட்டியைத்தான் பாப் மார்ட் விற்கிறது. வியப்பையே பெட்டிக்கு இத்தனை என்று விலை போட்டு விற்கும் தொழில் அது. 1977இன் வெற்று உறைக்கு இது நேர் வாரிசு. ஏங்குகிறவர்களையும் தொழில் கைவிடவில்லை: மேட்டல் 2020இல் பழைய ஹீ-மேன் தோற்றத்தில், பழைய மாதிரி அட்டையில், புதிய வரிசை ஒன்றை இறக்கியது. அது யார் பர்ஸைப் பார்த்து என்று சொல்ல வேண்டியதில்லை.

1982இல் மீண்டும் வந்த ஜி.ஐ. ஜோவின் முதுகில் ஒரு திருகாணி இருக்கும். கழற்றினால் மார்பும் முதுகும் இரண்டாகப் பிரியும். உள்ளே ஒரு சின்ன ரப்பர் வளையம், இடுப்பையும் கால்களையும் இழுத்துப் பிடித்திருக்கும். எந்தக் கார்ட்டூனும் இதைக் காட்டவில்லை, அட்டையிலும் எழுதியிருக்கவில்லை. அப்பாவின் திருப்புளியைத் திருடிய ஏதோ ஒரு பிள்ளை பார்த்தது. ஒருவன் தலை, இன்னொருவன் கை, எதிரியின் கால் என்று மாற்றிப் பூட்டி, கம்பெனி பெயர் வைக்காத ஓர் ஆளை உண்டாக்கியது. இப்போது அதே பொம்மையைப் பிரிக்காத அட்டையோடு பல மடங்கு விலை கொடுத்து வாங்கி, அக்ரிலிக் பெட்டியில் பூட்டி, வெயில் படாத சுவரில் மாட்டுகிறார்கள். உள்ளே அந்த ரப்பர் காய்ந்து இற்றுக்கொண்டிருக்கிறது. யாராவது பிரித்து இடுப்பைத் திருப்பினால் அந்த நொடியே அறுந்துவிடும்.