எடைக்கல்லும் ஊசியும்

நோயாளியிடம் மருத்துவர் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி எது? 'உமக்கு என்ன செய்கிறது?' என்பதே அது. ஆனால் அமெரிக்க நாட்டு மருத்துவக்கூடங்கள் பலவற்றில் இக்கேள்வி எழுமுன்னரே ஒரு கட்டளை பிறந்துவிடுகிறது: 'எடை பார்க்கும் எந்திரத்தின்மேல் ஏறி நில்லும்.' காதுவலி என்று வந்தவரும் ஏற வேண்டும். கழுத்துப் பிடிப்பு என்று வந்தவரும் ஏற வேண்டும். பருத்த உடலினர் ஒருவர் ஏறி இறங்கியபின், அவருடைய காதுவலி மறக்கப்பட்டு, எடையே நோயாகிவிடுவதும் உண்டு. இவ்வழக்கத்துக்கு எதிராக அந்நாட்டில் எழுந்துள்ள ஒரு குரலை ஆதரித்தும், அதே குரலின் பெயரால் நடைபெறும் சில பிழைகளைக் கண்டித்தும் எழுத முற்படுகின்றோம்.

அக்குரல் எழும் இடங்களுள் ஒன்று, அங்குள்ள அக்குபங்சர் மருத்துவர் சிலரின் சிறு கூடங்கள். புதிதாக வரும் நோயாளிக்கு அவர்கள் அளிக்கும் உறுதிமொழி எளியது: இங்கே உம்மை எடை பார்க்க மாட்டோம், கேளாமலே உணவுக்கட்டுப்பாடு போதிக்க மாட்டோம், இளைப்பதற்கென்று ஊசி குத்த மாட்டோம், உமது பசியை நீரே மீண்டும் அறிந்துகொள்ளத் துணைநிற்போம். அகன்ற படுக்கையும், கைப்பிடியற்ற நாற்காலியும், எவ்வுடலுக்கும் பொருந்தும் அங்கியும் அங்கே இருக்கும். இவை அற்பச் செய்திகள் என்று எண்ணுவோர், தமக்குப் பொருந்தாத நாற்காலியில் பலர் காண ஒடுங்கி அமரும் துன்பத்தை அறியாதவர்.

'இது நோயைத் தடவிக்கொடுக்கும் செயல். பெருந்தீனிக்கு வழங்கப்படும் உரிமம்' என்று கூறுவாரும் உளர். அவர்கள் கையில் ஏந்தும் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் காண்போம். எடையை உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுக்கும் கணக்கை 1830-களில் வகுத்தவர் பெல்ஜிய நாட்டு வானியலாளரும் புள்ளியியல் அறிஞருமான அடால்ஃப் கெத்தலே. அவர் மருத்துவர் அல்லர். மக்கள் தொகுதியின் சராசரி மனிதனை எண்ணால் வரையவே அவர் விரும்பினார். தனியொருவரின் நலத்தை அளக்க அன்று. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அக்கணக்கைத் தூசிதட்டி எடுத்து, 'உடல் நிறைக் குறியெண்' என்று பெயரிட்டார். அவருக்கும் அது பெருந்திரளை ஆராயும் கருவியே. பின்னர் அது ஒவ்வொரு நோயாளியின் ஏட்டிலும் தீர்ப்பாக எழுதப்பட்டது. 1998-இல் அந்நாட்டுத் தேசிய நலவாழ்வு நிறுவனம் மிகை எடையின் எல்லையை, ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்றிருந்த நிலையிலிருந்து, இருபாலார்க்கும் 25 எனக் குறைத்தது. ஒரு கவளமும் கூடுதலாக உண்ணாமலே கோடிக்கணக்கானோர் ஒரே நாளில் 'மிகை எடையர்' ஆயினர். அமெரிக்க மருத்துவச் சங்கமே, இவ்வெண்ணைத் தனித்து நின்று தீர்ப்புரைக்க விடலாகாது என்று 2023-இல் தீர்மானித்தது. அதுவரை அவ்வெண்ணால் நாணமுற்றோருக்கு யார் ஈடு செய்வார்?

இதே ஆன்செல் கீஸ் நடத்திய இன்னொரு ஆய்வும் ஈண்டுக் கருதத்தக்கது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், போரிட மனச்சான்று இடந்தராத 36 இளைஞர்கள், பட்டினியுற்ற மக்களுக்கு எங்ஙனம் மீள உணவளிப்பது என்பதை உலகம் அறிய, தம் உடலையே ஒப்படைத்தனர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1945-இல் 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவே அளிக்கப்பட்டது. எடையில் காற்பங்கு குறைந்தது. அத்துடன் மனமும் நலிந்தது. அந்த உறுதிமிக்க இளைஞர்கள் பகலும் இரவும் உணவையே எண்ணினர், சமையல் குறிப்புகளைச் சேர்த்துவைத்தனர், தட்டை நக்கினர், சினமும் சோர்வும் அவர்களை ஆட்கொண்டன. கட்டுப்பாடு நீங்கிய பின்னரும் வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் உண்டோர் அவர்களுள் இருந்தனர்.

இப்போது வினவுகின்றோம்: இளைக்க விரும்பும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 கலோரி என்று எழுதிக்கொடுப்பவர்கள், மூன்றாம் திங்களில் அவள் கட்டுப்பாடு உடைத்து உண்ணும்போது, 'உமக்கு மனவுறுதி இல்லை' என்று கடிந்துகொள்வது எந்த நீதி? கொள்கைக்காகத் துப்பாக்கியைத் தொட மறுத்த ஆடவரின் மனவுறுதியையே உருக்கிய பசி, அவளை மட்டும் விட்டுவிடுமா? பட்டினியுற்ற உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் செயலையே அவர்கள் குற்றமென்று எழுதுகின்றனர்.

இக்கொடுமைக்கு மாற்றாகவே, கலிபோர்னியாவைச் சேர்ந்த உணவியல் வல்லுநர்களான எவலின் டிரிபோலியும் எலிஸ் ரெஷ்ஷும் 1995-இல் 'உள்ளுணர்வுவழி உண்ணல்' என்னும் முறையை நூலாக வெளியிட்டனர். அதன் நெறிகள் பத்து. பசியை மதித்தல், நிறைவை உணர்தல், உணவோடு பகை தீர்த்தல், உணர்ச்சிகளைப் பரிவோடு கையாளுதல், உடலுக்கு மதிப்பளித்தல் என்பன அவற்றுட் சில. நல்லுணவைத் தேர்ந்துண்ணலும் அவற்றுள் ஒன்று. ஆனால் அது இறுதியில் வருகிறது, அச்சம் நீங்கிய பின்னர். இதனைப் பெருந்தீனி என்பவர் அந்நூலைத் திறந்து பாராதவர். இங்ஙனம் உண்போரிடம் உணவுபற்றிய மனக்கோளாறுகள் குறைந்து காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. இது இளைக்கும் வழியன்று. அங்ஙனம் இதனை விற்பவர் இதன் பெயரைக் களவாடுபவர்.

அக்குபங்சருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். 1971-இல் சீனம் சென்ற நியூயார்க் டைம்ஸ் இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், குடல்வால் அறுவைக்குப் பின் தமக்கு நேர்ந்த வயிற்றுத் தொல்லை ஊசியால் தணிந்த செய்தியை எழுதியபோது, அமெரிக்கப் பொதுமக்கள் பலர் இம்மருத்துவத்தின்பால் திரும்பினர். நாடி பார்த்தல், நாவைப் பார்த்தல், வினவிக் கேட்டல் ஆகியவை இதன் அறிமுறைகள். எங்கே எவ்வளவு ஆழம் ஊசி செல்லலாம் என்பதைக் கையும் கண்ணும் சொல்லும், எடைக்கல் சொல்லாது. நோயாளியோடு நெடுநேரம் இருந்து செவிமடுக்கும் இம்மருத்துவமே எடையைக் கேளாதிருக்கத் தக்கது. ஆயினும் இம்மருத்துவர் பலரே காதில் விதை ஒட்டி, 'பசி அடங்கும், உடல் இளைக்கும்' என்று விளம்பரம் செய்கின்றனர். சிறுசிறு ஆய்வுகள் நடந்துள்ளனவேயன்றி, நெடுங்காலப் பயனை நிலைநாட்டிய உறுதியான சான்று இல்லை. பசியை எதிரியாகக் காட்டிப் பணம் பறிக்கும் இச்செயலை மறுத்து நிற்கும் கூடங்களைப் பாராட்டுகின்றோம்.

எனினும் பாராட்டு கண்மூடித்தனமாகலாகாது. எடைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று சாதிப்போரை நாம் ஏற்கவில்லை. மூட்டுத் தேய்வும் நீரிழிவும் எடையோடு உறவுடையன. இருதயம் செயலிழந்தவர் உடலில் நீர் கோத்தலை அறிய நாள்தோறும் எடை பார்க்க வேண்டும். சில மருந்துகளின் அளவையும் எடையே தீர்மானிக்கும். அளப்பதற்குக் காரணம் இருக்குமாயின் அதனைச் சொல்லி, இசைவு பெற்று அளக்கட்டும். காரணமற்ற சடங்கையே எதிர்க்கின்றோம். மேலும், உண்ண மறுத்து உயிர் மெலியும் நோயும், உண்டதை வலிந்து வாந்தியெடுக்கும் நோயும் ஊசியால் மட்டும் தீருவன அல்ல. அத்தகையோரை மருத்துவர், மனநல வல்லுநர், உணவியலார் ஆகியோரிடம் அனுப்பாமல் தம்மிடமே இருத்திக்கொள்ளும் கூடம், எத்துணை இனிமையாகப் பேசினும், பழிக்குரியதே.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேர் 2020 முதல் நாட்பட்ட இடுப்புவலிக்கு மட்டுமே அக்குபங்சர் செலவை ஏற்கிறது; பிற நோய்களுக்கு மிகப் பலர் தம் கைப்பணத்தையே இறைக்க வேண்டும். 'பசிக்கும்போது உண்' என்னும் அறிவுரை, மாதக் கடைசியில் வெற்று அடுக்களையில் நிற்கும் தாய்க்கு என்ன பொருள் தரும்? உடலுக்கு மதிப்பு என்பது செல்வருடைய உடலுக்கு மட்டும் உரியதாயின், அது புதிய நறுமணத் தைலமேயன்றி நீதியன்று. வேறு வழி இல்லாமலும் இல்லை. 1970-இல் நியூயார்க்கின் தென் பிராங்க்ஸ் பகுதியில், லிங்கன் மருத்துவமனையில், கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் போராடிப் பெற்ற போதைமீட்பு நிலையத்தில் பின்னர் அக்குபங்சர் ஏழைகளுக்கும் கிட்டியது. 2002-இல் போர்ட்லாந்து நகரில் தொடங்கிய 'உழைக்கும் வகுப்பினர் அக்குபங்சர்' கூடம், ஒரே அறையில் பலரைச் சாய்நாற்காலிகளில் அமர்த்தி, அவரவர் இயன்ற கட்டணம் பெற்றுப் பணிசெய்கிறது.

இளைக்கும் வணிகமோ வடிவம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. 1963-இல் பிறந்த வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம், 2021-இல் வீகோவி என்னும் ஊசிமருந்து ஒப்புதல் பெற்றபின் தானும் அவ்வகை மருந்துகளின் பக்கம் திரும்பியது. 2025 மே மாதத்தில் கடன்சுமையால் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. அம்மருந்தால் நலம் பெறுவோர் உண்டு. அவர்களையும் 'உம் உடலை நீர் வெறுக்கிறீர்' என்று பழிக்காமல் வரவேற்பதே உடலை ஏற்பதாகச் சொல்லும் கூடத்துக்கு அழகு. பருத்தவரை நாணச் செய்தல் தவறாயின், இளைக்க விரும்புபவரை நாணச் செய்தலும் தவறே.

எடையைக் காரணங்காட்டி வேலையிலும் வீட்டிலும் பொதுவிடங்களிலும் ஒருவரை ஒதுக்குதல் குற்றமென்று நியூயார்க் நகரம் 2023-இல் சட்டம் செய்தது. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே இருப்பவர் முகத்தை அது திருத்தாது. அதைத் திருத்த வேண்டியவர் மருத்துவரே. இழிசொல்லுக்கு அஞ்சி மருத்துவரைக் காண்பதைத் தள்ளிப்போடும் நோயாளியின் மார்பிலோ வயிற்றிலோ ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருக்கலாம். அது அவருடைய நாணம் தீரும்வரை காத்திராது. ஆகவே எந்திரத்தை மூலையில் வையுங்கள். நாற்காலியை இழுத்துப்போட்டு அமருங்கள். 'உமக்கு என்ன செய்கிறது?' என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.