அண்ணன் வீடியோ காலில் காட்டாத சிங்கப்பூர்

'ஐ.வி.'ன்னு சொன்னாலே நம்ம பசங்க கண்ணுல பல்பு எரியும். ஃபேக்டரி பார்க்கிறது பத்து பர்சென்ட், பஸ் கடைசி சீட்ல ஆட்டம் போடறது தொண்ணூறு பர்சென்ட்! இந்த முறை எங்க சிவில் டிபார்ட்மென்ட் நேரா சிங்கப்பூருக்கே டிக்கெட் போட்டுடுச்சு. கிளாஸே யுனிவர்சல் ஸ்டுடியோஸ், மெரினா பேன்னு லிஸ்ட் போட்டுக்கிட்டு இருக்க, என் லிஸ்ட்ல ஒரே ஒரு அயிட்டம்தான்... அண்ணன்!

பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆளுங்களுக்கு நான் புதுசா எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்கு நாலு வீட்டுல ஒருத்தராவது 'சிங்கப்பூர்ல' இருப்பாங்க. எங்க அண்ணனும் அதே ரூட்தான். டிப்ளமோ முடிச்சான். ரெண்டு வருஷம் உள்ளூர்ல அலைஞ்சான். ட்ரெயினிங் சென்டர்ல சேர்ந்து 'டெஸ்ட் அடிச்சான்'. வட்டிக்கு வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிட்டு, கட்டட வேலைக்குக் கிளம்பிட்டான். போய்ப் பதினாலு மாசம் ஆச்சு. தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ கால்ல வருவான். பின்னாடி எப்பவும் ஒரே நீலச் சுவர். ஒரே டயலாக்... "எல்லாம் சூப்பரா இருக்குடா."

திருச்சியிலேர்ந்து ஃப்ளைட் ஏறினா நாலு மணி நேரத்துல சிங்கப்பூர். ஆனா, அதுக்கு முன்னாடி அம்மாவோட பேக்கிங்கைச் சமாளிக்கணுமே! முறுக்கு, அதிரசம், கருவாடு, குழம்பு மசாலா, கசகசான்னு ஒரு மளிகைக் கடையே ரெடி. இப்படி உறவைப் பார்க்கக் கிளம்புற எல்லாருக்கும் ஒரு டிப்ஸ் மக்களே... கசகசா சிங்கப்பூர்ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வருது. சூயிங்கம் 1992-லேர்ந்து தடை. வாயில் போட்டு மெல்லுற புகையிலையும் கூடாது. அதனால, பக்கத்து வீட்டு மாமா "என் பையனுக்கு ஒரு சின்னப் பொட்டலம்தான் தம்பி"ன்னு நீட்டினா, பாசத்தோட கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. நான் அப்படித்தான் நகர்ந்தேன். கருவாட்டுக்கும் கசகசாவுக்கும் நோ சொன்னதுல அம்மாவுக்குத்தான் ஏக வருத்தம்.

முதல் நாள் மெரினா பராஜ் போனோம். கால்வாய் வாய்க்கு குறுக்கே 350 மீட்டர் நீளத்துக்கு ஒரு தடுப்பணை, ஒன்பது ஸ்டீல் மதகுகள். கடல் நீரை வெளியே நிறுத்தி, உள்ளே நல்ல தண்ணியைத் தேக்குறாங்க. கல்லணைத் தண்ணில வளர்ந்த பயல் நான். மதகைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துடுச்சு. புரொஃபசர் அந்த மூடைப் பார்த்தே பர்மிஷன் கொடுத்திருக்கணும்! "ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு மணிக்குப் போ. எட்டரைக்கு ஹோட்டல்ல நிக்கணும்."

ஞாயித்துக்கிழமை தேக்காவைப் பார்த்திருக்கீங்களா? சிராங்கூன் ரோட்டுல இறங்கினா, திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டமோன்னு சந்தேகம் வரும். வாரம் முழுக்க தீவின் ஓரத்துல இருக்கிற டார்மிட்டரிகள்ல தங்கி வேலை பார்க்கிறவங்க, லீவு நாள்ல பஸ் பிடிச்சு இங்கேதான் வர்றாங்க. பணம் அனுப்புற கடை வாசல்ல வரிசை. புல்தரையில வட்டம் வட்டமா உட்கார்ந்து ஊர்க்கதை. அந்த நாட்டோட நாலு ஆட்சி மொழிகள்ல தமிழும் ஒண்ணுங்கிறதால போர்டுகள்லயும் நம்ம எழுத்து.

அந்தக் கூட்டத்துக்குள்ளேயிருந்து வந்தான் அண்ணன். அயர்ன் மடிப்பு கலையாத புதுச் சட்டை. ஆள் பாதியா இளைச்சிருந்தான். எங்க வீட்டுல அண்ணன் தம்பி கட்டிப்பிடிக்கிற வழக்கமெல்லாம் இல்லை. "என்னடா, மீசையெல்லாம் வெச்சிருக்கே?"ன்னு சொல்லிக்கிட்டே என் பையைப் பிடுங்கித் தன் தோள்ல மாட்டிக்கிட்டான். அதான் எங்க ஸ்டைல்!

1947-லேர்ந்து இருக்கிற கோமள விலாஸ்ல தோசை சாப்பிட்டோம். அவன் தோசையைப் பிய்க்கிறப்பதான் விரல்களைக் கவனிச்சேன். காய்ச்சுப்போய், நகத்தோரமெல்லாம் சிமென்ட் அரிச்சிருந்தது. "கம்பி கட்டுற வேலைடா, பழகிடும்"னான். அப்புறம் அவனே ஜாலியா கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டான். கவர் பிளாக் வைக்காம கான்கிரீட் போட்டா கம்பி எப்படித் துருப்பிடிக்கும், ஷட்டரிங்கை அவசரப்பட்டுப் பிரிச்சா என்ன ஆகும்... நான் ரெண்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணினதெல்லாம் அவன் கைக்குத் தெரிஞ்சிருக்கு.

"அந்த நீலச் சுவர் எங்கண்ணே இருக்கு? உன் ரூமா?"

கொஞ்ச நேரம் சட்னியையே பார்த்தான். "மாடிப்படிடா அது. ரூம்ல பன்னெண்டு பேரு. நைட் ஷிஃப்ட் முடிச்சவன் தூங்குவான்ல... அதான் வெளிய வந்து பேசுறது."

நமக்கு ஒன்பது மணின்னா அவங்களுக்குப் பதினொன்றரை. காலையில அஞ்சு மணிக்கு லாரி. பின்பக்கம் ஏறி சைட்டுக்குப் போகணும். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, அந்த 'எல்லாம் சூப்பரா இருக்கு'க்கு அவன் தன் தூக்கத்துல பாதியைக் கொடுத்துக்கிட்டிருக்கான்.

2020-ல கொரோனா வந்தப்போ, டார்மிட்டரிகள்ல இருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாசக்கணக்குல வெளியே வர முடியாம இருந்தாங்க. அவன் ரூம்ல மூத்தவர் ஒருத்தர் அப்போ உள்ளே இருந்தவராம். வொர்க் பெர்மிட்ல இருக்கிறவங்க குடும்பத்தைக் கூட்டிட்டு வந்து வெச்சுக்க முடியாது. "அவர் புள்ளை நடக்கப் பழகினதைப் போன்லதான்டா பார்த்தாரு"ன்னு அண்ணன் சொன்னப்போ, எங்க ரெண்டு பேருக்குமே அடுத்த வாய் இறங்கலை.

அங்கேதான் சண்டை ஆரம்பிச்சது.

"பிளேஸ்மென்ட்ல முதல்ல வர்ற வேலையை வாங்கிடறேன். நீ ஊருக்கு வந்துடுண்ணே."

"கேட் எழுது. எம்.டெக். படி. இப்பதான் ஏஜென்ட் கடன் அடைஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் இருந்தா தலை நிமிரலாம்."

"எனக்காக நீ இருக்க வேணாம்."

"உனக்காக மட்டும்னு யார்றா சொன்னா? எனக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஞாயித்துக்கிழமைல சேஃப்டி கோர்ஸ் ஒண்ணு படிக்கப் போறேன். பாஸ் பண்ணினா கம்பியை விட்டுட்டு சூப்பர்வைசர் ஆகலாம்ல?"

இதை நான் எதிர்பார்க்கலை. தியாகியா ஒரு அண்ணனை மனசுல வெச்சுக்கிட்டுப் போனேன். அங்கே இருந்தவன் ஆசைகளும் பிளானும் உள்ள 24 வயசுப் பையன். கடைசியா ஒரு ஒப்பந்தம் போட்டோம். நான் கேட்டும் எழுதுவேன், பிளேஸ்மென்ட்லயும் உட்காருவேன். அவன் கோர்ஸ்ல சேருவான். ஒரு வருஷம் கழிச்சு யார் கையில என்ன இருக்கோ, அதை வெச்சு முடிவு பண்றது. அதுவரைக்கும் ராத்திரி கால் ஏழு மணிக்கு!

அப்புறம் முஸ்தபா சென்டர். அம்மாவுக்குக் கோடாலி தைலம், அப்பாவுக்கு டார்ச் லைட், எனக்கு சயின்டிஃபிக் கால்குலேட்டர். "ஏற்கெனவே இருக்குண்ணே." "இது நான் வாங்கினது"ன்னு பில் போட்டுட்டான். லிட்டில் இந்தியா ஸ்டேஷன் கேட் வரைக்கும் வந்தான். பையை என் தோள்ல மாட்டிவிட்டான். "அம்மாகிட்ட ரூம் மேட்டரைச் சொல்லாதே."

சொல்லலை. ஆனா, மாடிப்படியில காத்து நல்லா வரும்னு சொல்லி வெச்சிருக்கேன்.

நம்ம கிளாஸ்ல எத்தனையோ பேருக்கு துபாய்ல ஒரு அண்ணன், மஸ்கட்ல ஒரு அக்கா இருப்பாங்க. அடுத்த தடவை கால் வர்றப்போ "எப்ப வருவே?"ங்கிற கேள்வியைக் கொஞ்சம் ஓரமா வைங்க ஃப்ரெண்ட்ஸ். அதுக்கு அவங்ககிட்டயே பதில் இருக்காது. "இன்னிக்கு என்ன வேலை செஞ்சே?"ன்னு கேட்டுப் பாருங்க. எங்க அண்ணன் நேத்து முக்கால் மணி நேரம் பேசினான்!