மொட்டு ஏன் அங்கே வருகிறது?

ஈஸ்ட் மொட்டுவிடும் படத்தைப் பள்ளியில் எத்தனை தடவை வரைந்திருப்போம்! ஒரு பெரிய வட்டம், அதன் தலையில் ஒரு சின்ன வட்டம். பாகங்களைக் குறித்தால் முழு மதிப்பெண். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற செல்லில் மொட்டு ஏன் அந்த இடத்தில் வருகிறது என்று பாடமும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கேள்விதான் பாடமாக இருந்திருக்க வேண்டும்.

கல்லூரியில் ஒரு பதில் கிடைத்தது. முந்தைய மொட்டு பிரிந்த இடத்தில் சில புரதங்கள் அடையாளமாக நிற்கும். ஒற்றைமய செல் அதற்குப் பக்கத்திலேயே அடுத்த மொட்டை விடும். அடையாளத்தைப் படித்துச் சொல்வது ஆர்எஸ்ஆர்1 என்ற புரதம். வேலையைத் தொடங்குவது சிடிசி42. (நம் உடம்பிலும் இதே சிடிசி42 இருக்கிறது. அதை ஈஸ்டில் வைத்தாலும் வேலை செய்கிறது!)

இதோடு பாடத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்குச் சண்டையே இங்கேதான். ஆர்எஸ்ஆர்1 மரபணுவை நீக்கினாலும் செல் மொட்டு விடுகிறது. இடம்தான் தாறுமாறாகிறதே தவிர, அப்போதும் ஒரு நேரத்தில் ஒரே மொட்டுதான். அப்படியானால் அடையாளம் வெறும் சிபாரிசுதானே?

செல் தானாகவே இடம் பிடிப்பது இப்படி: சவ்வில் எங்கோ தற்செயலாகச் சிடிசி42 கொஞ்சம் கூடுதலாகச் சேர்கிறது. அது பெம்1 என்ற புரதத்தை இழுக்கிறது. பெம்1 சிடிசி24ஐக் கூட்டி வருகிறது. சிடிசி24 அக்கம்பக்கத்துச் சிடிசி42களையும் உசுப்பிவிடுகிறது. தெருவில் நாலு பேர் நின்று எதையோ பார்த்தால் நாற்பது பேர் கூடிவிடுவதில்லையா, அப்படி! இரண்டு இடத்தில் கூட்டம் சேர்ந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு அளவானது. அதனால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். சிடிசி42 முடங்கினால் செல் மொட்டே விடாமல் பருத்துக்கொண்டே போகும், உள்ளே உட்கரு மட்டும் பிரிந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் பெம்1 இல்லாமல் முடியாது என்றுதானே நினைப்போம்? 2015ல் ஆண்ட்ரூ மர்ரே குழுவினர் வெளியிட்ட ஆய்வில் அதை நீக்கிப் பார்த்தார்கள். செல்கள் மிகவும் திணறின. ஆனால் சுமார் 1000 தலைமுறை வளரவிட்டபோது பெருமளவு தேறிவிட்டன. பெம்1க்கு மாற்றாகப் புதிதாக எதையும் உண்டாக்கிக்கொள்ளவில்லை, இருந்த வேறு சில மரபணுக்களை இழந்துதான் தேறின!

இனி "பெம்1ன் பணி யாது?" என்று தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி வந்தால், நான் எதை எழுதுவது?