பெயர் நீக்கினால் காலனிக்கும் தெரிய வேண்டும்

மயிலம், ஒலக்கூர், மரக்காணம் பக்கத்துக் காலனிகளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறுகிறோம். முற்றிப்போனால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. அவசரத்துக்கு, பஸ் நிற்கும் இடத்தில் எந்த கிளினிக் திறந்திருக்கிறதோ அதுதான் நமக்கு. அந்த டாக்டர் எப்படிப்பட்டவர் என்று கேட்டுச் சொல்ல நமக்கு டாக்டர் சொந்தக்காரர் கிடையாது. ஊர்த்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சேதி காலனிக்குக் கடைசியில்தான் வரும்.

தவறு நிரூபணமானால், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் ஒரு டாக்டரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நிரந்தரமாகவோ சில காலத்துக்கோ நீக்கலாம். அந்தக் காலத்தில் அவர் வைத்தியம் பார்க்கக் கூடாது. ஆனால் வாசலில் போர்டு தொங்குகிறது, உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்றால், தடை இருப்பது பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாய்க்கு எப்படித் தெரியும்?

இதற்கு விதி இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளில் 8.2, பெயர் நீக்கத்தை உள்ளூர்ப் பத்திரிகைகளில் பரவலாக வெளியிட வேண்டும் என்கிறது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதால், மறுபடியும் பழைய விதிகளே நடப்புக்கு வந்தன. பெரிதாகப் பேசப்பட்ட வழக்கு என்றால் பெயர் வெளியே வருகிறது. மற்றபடி, விழுப்புரம் மாவட்டப் பக்கத்தில் அப்படி ஓர் அறிவிப்பைப் படித்ததாக நமக்கு நினைவில்லை. நகை ஏல அறிவிப்பு மட்டும் தவறாமல் வருகிறது. பிரிட்டனில் டாக்டரின் பெயரைத் தட்டினால் அவர் மீது தடை இருக்கிறதா என்பதைப் பொது மருத்துவக் கவுன்சிலின் பதிவேடே காட்டிவிடும்.

"பெயரைப் போட்டால் முதலில் அடிபடுவது நம்ம பிள்ளைங்கதான்" என்று நம்மிலேயே சிலர் தயங்குகிறார்கள். தள்ளிவிடக்கூடிய பயமல்ல இது. கோட்டாவில் வந்தவர் என்ற ஏச்சைக் கேட்டுக்கொண்டே படித்து முடித்தவர்கள் நம் டாக்டர்கள். அவர்கள் மீது சாதிக் காழ்ப்பில் புகார் எழுத ஆள் கிடைக்கும். அதனால்தான் புகாரை வெளியிடச் சொல்லவில்லை, விசாரித்து எடுத்த முடிவைக் காரணத்தோடு வெளியிடச் சொல்கிறோம். மேல்முறையீட்டில் முடிவு மாறினால் அதையும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும். குற்றமில்லை என்று தீர்ப்பானால், அவர் விரும்பினால் அதுவும் வரட்டும். இன்று டீக்கடையில் ஓடும் வதந்திக்கு எந்த டாக்டரும் அப்பீல் போட முடியாது.

அப்பீல் என்றதும் இன்னொன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் 30ஆம் பிரிவு, கவுன்சில் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் வழியை டாக்டருக்குச் சொல்கிறது. நோயாளியைப் பற்றி அங்கே பேச்சில்லை. கூலியை விட்டுவிட்டு விழுப்புரத்திலிருந்து சென்னை அரும்பாக்கம் வரை போய்ப் புகார் கொடுத்தவருக்கு, கடைசியில் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது வேண்டாமா?

படிக்கும் பிள்ளைகள் வீட்டிலிருக்கும் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும், ரசீதிலும் இருக்க வேண்டும். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இவையும் அந்த 2002 விதிகள்தான். கவுன்சிலுக்குத் தகவல் உரிமை மனு போட 10 ரூபாய் போதும். நம் மாவட்டத்தில் யார் யார் பெயர் எத்தனை மாதத்துக்கு நீக்கப்பட்டது, எந்தப் பத்திரிகையில் எந்தத் தேதியில் அறிவிப்பு வந்தது என்று கேளுங்கள். பதிலுக்குக் கெடு 30 நாள்.