விதைக்குச்சி எடுக்கத் தெரியாத பண்ணையம்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியல. குச்சிக்கிழங்கு புடுங்கற வேலை. (மரவள்ளின்னு நீங்க சொல்றதுதான், எங்க பக்கம் குச்சிக்கிழங்கு.) லாரி ஏத்தி அனுப்பிட்டு, அடுத்த நடவுக்கு விதைக்குச்சி ஒதுக்கிக்கிட்டு இருக்கேன். இந்தத் தடவை மழை, விலை, பூச்சி எதையும் பத்தி எழுதப் போறதில்ல. கிரிக்கெட் பத்தி எழுதப் போறேன். நெஞ்சுல ஒரு வருஷமா கெடக்கறதை இறக்கி வெச்சாத்தான் தூக்கம் வரும்.

மார்கழி ஒண்ணாந்தேதி, அதாவது டிசம்பர் 16, அபுதாபியில ஐபிஎல் ஏலம் நடந்துச்சு. வரப்பு மேல உக்காந்து போன்ல பாத்துக்கிட்டு இருந்தேன். சென்னை சூப்பர் கிங்ஸ் பிரசாந்த் வீர்னு உத்தரப்பிரதேசப் பையன் ஒருத்தனை 14 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தாங்க. கொஞ்ச நேரத்துல கார்த்திக் சர்மான்னு ராஜஸ்தான் பையன் ஒருத்தன், அதே 14 கோடியே 20 லட்சம். ரெண்டு பேருக்கும் வயசு இருபதை ஒட்டி. இந்தியாவுக்கு ஆடாத பசங்களுக்கு இதுவரைக்கும் யாரும் இவ்வளவு குடுத்ததில்ல. பக்கத்துல கிழங்கு வெட்டிக்கிட்டு இருந்த என் தம்பி மகன் எட்டிப் பாத்துட்டு, "பெரியப்பா, உங்க டீமுக்கு பயம் வந்துருச்சு"ன்னான். அவன் சொன்னது சரி. ஆனா அந்தப் பயம் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கணும்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், இல்லாட்டி "கிழவனுக்கு என்ன தெரியும்"னு கேப்பீங்க. 2008-ல இருந்து இந்த டீமைப் பாக்கறேன். எங்க சங்ககிரியில இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை இருக்கு. அந்தக் கம்பெனிதான் டீமை ஏலத்துல எடுத்துச்சுன்னு தெரிஞ்சதும், இது நம்ம ஊர் டீம்னு மனசுல ஒட்டிக்கிச்சு. 2024 கடைசியில அந்த ஆலையெல்லாம் வேற கம்பெனிக்குப் போயிடுச்சு. டீம் மட்டும் பழைய ஆளுங்க கையிலயே இருக்கு. 2016, 2017 ரெண்டு வருஷம் தடை போட்டப்ப வேற எந்த டீமுக்கும் நான் கை தட்டல. 2018-ல திரும்பி வந்து கோப்பை வாங்குனப்ப, ராத்திரி நேரத்துல கெணத்து மேட்டுல நின்னு விசிலடிச்சவன் நான். 2010, 2011, 2018, 2021, 2023னு அஞ்சு கோப்பை. எனக்கு நன்றி உண்டு. அந்த உரிமையிலதான் திட்டறேன்.

இனி கணக்கைப் பாப்போம். 2020-ல எட்டு டீம்ல ஏழாவது, முதல் தடவையா பிளே ஆப் போகல. 2021 கோப்பை. 2022-ல பத்து டீம்ல ஒம்பதாவது. 2023 கோப்பை. 2024-ல அஞ்சாவது. 2025-ல பத்துக்குப் பத்தாவது, கடைசி. 14 மேட்ச்ல நாலு ஜெயிச்சோம். அதைக் கூட விடுங்க. சேப்பாக்கத்துல ஆறு மேட்ச் ஆடி ஒண்ணுதான் ஜெயிச்சோம். மும்பையை ஜெயிச்சதோட சரி. அப்புறம் பெங்களூரு 2008-க்கு அப்புறம் முதல் தடவையா நம்ம ஊர்ல வந்து ஜெயிச்சுட்டுப் போனான். டெல்லி ஜெயிச்சான். கொல்கத்தாகிட்ட 20 ஓவர் ஆடி 103. அவன் பத்து ஓவரைத் தாண்டுன உடனே முடிச்சுட்டான். ஹைதராபாத்தும் பஞ்சாபும் மிச்சத்தைப் பாத்துக்கிட்டாங்க.

சொந்தத் தோட்டத்துல வெள்ளாமை எடுக்கத் தெரியாதவன் பக்கத்து ஊர்ல குத்தகைக்கு எடுத்து என்ன பண்ணப் போறான்?

பிட்ச் நாங்க நெனச்ச மாதிரி இல்லைன்னு பயிற்சியாளர் பிளெமிங் சொன்னாரு. 2008-ல ஆட்டக்காரரா வந்து, 2009-ல இருந்து பயிற்சியாளரா இருக்கறவரு. அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா எந்தப் பாத்தி தண்ணி நிக்கும், எது வடியும்னு பதினாறு வருஷம் பண்ணையம் பாத்தவருக்குத் தெரியலைன்னா, குத்தம் மண்ணுலயா இருக்கு?

குச்சிக்கிழங்குக்கு விதை கிடையாதுங்க, குச்சியையே வெட்டி நடணும். புடுங்கறதுக்கு முன்னாடியே காட்டுக்குள்ள நடந்து, தேமல் விழுகாத நல்ல செடியாப் பாத்து அடையாளம் வெச்சுக்கணும். அதுலயும் முழுக் குச்சி ஆகாது. அடிப்பக்கம் முத்திப்போய் கட்டையா இருக்கும். நுனி பிஞ்சு, வெயில் பட்டா காஞ்சிரும். நடுக்குச்சிதான் விதை. அதை வெட்டி, நிழல்ல நிறுத்தி வெச்சு, அடுத்த பட்டத்துக்குக் காப்பாத்தணும். வேலை அதிகம், செலவு கம்மி. இந்த வேலையைச் செய்யாதவன் நடவு நாள்ல ஊரெல்லாம் ஓடி, கேட்ட விலைக்கு எவன் குச்சியையோ வாங்குவான்.

சென்னை நிர்வாகம் பண்ணது இதேதான். 2024 நவம்பர்ல ஜெட்டாவுல பெரிய ஏலம். எல்லா டீமும் அடுத்த மூணு வருஷத்துக்குப் புதுசா நடவு போடற நாள். நம்ம ஆளுங்க என்ன எடுத்தாங்க? 38 வயசு அஸ்வினுக்கு 9 கோடியே 75 லட்சம். திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர்னு வேற டீம்கள்ல ஆடி முடிச்சு வந்தவங்க. அஸ்வின் நம்ம ஊர் சிங்கம், அதுல மாத்துக் கருத்தே இல்ல. 2011 பைனல்ல முதல் ஓவர்லயே கெய்லைத் தூக்குனதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா சேகோ ஆலையில போன வருசத்துப் பாயிண்டுக்கு காசு குடுப்பானா? இன்னைக்கு லாரியில வந்த கிழங்குல எத்தனை பாயிண்ட் மாவு இருக்குன்னு பாத்துத்தான் குடுப்பான். அத்தனையும் அடிக்குச்சியா நட்டுட்டு, முளைக்கலைன்னு வருத்தப்பட்டா எப்படி? அந்த சீசன் முடிஞ்சு மூணு மாசத்துல அஸ்வின் ஐபிஎல்லுக்கே முழுக்குப் போட்டுட்டாரு.

இப்ப அதே ஆளுங்க அடியை விட்டுட்டு நுனிக்குத் தாவிட்டாங்க. அந்த ரெண்டு பசங்களும் நல்லா வரணும், அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா 28 கோடியே 40 லட்சம்ங்கறது அவங்க ஆட்டத்தோட விலை மட்டும் இல்ல. இத்தனை வருஷம் காட்டுக்குள்ள நடந்து அடையாளம் வெக்காததுக்குக் கட்டற அபராதம். ஆதாரம் வேணுமா? போன சீசன்ல பாதியில வேற வழியில்லாம கொண்டு வந்தாங்களே, ஆயுஷ் மாத்ரே, 17 வயசு. 30 லட்சம்தான். பெங்களூருல போய் 48 பந்துல 94 அடிச்சான். கண்ணு தொறந்து பாத்தா கம்மி காசுக்கே கெடைக்குது.

அடுத்தது நம்ம வீட்டு வாசல் கதை. சென்னைப் பையன் சாய் சுதர்சன் டிஎன்பிஎல்-ல ஆடிக்கிட்டு இருந்தான். 2022-ல குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தான். சென்னைக்காரங்களும் அந்த ஏல மண்டபத்துலதான் உக்காந்திருந்தாங்க. 2023 பைனல்ல நம்மளுக்கு எதிரா 47 பந்துல 96. அன்னைக்கு ஜடேஜா கடைசி ரெண்டு பந்துல காப்பாத்தலைன்னா கோப்பை அந்தப் பையனோடது. 2025-ல 759 ரன், ஆரஞ்சு தொப்பியே அவனுக்குத்தான். சாய் கிஷோரை 2020, 2021 ரெண்டு வருஷம் சென்னை கையிலயே வெச்சிருந்தாங்க. ஒரு மேட்ச் கூட ஆட விடல. இன்னைக்கு அவனும் குஜராத்துக்குத்தான் விக்கெட் எடுக்கறான். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவுக்கு.

நடராஜனைப் பத்திச் சொல்லாம எங்க ஊர்க்காரன் எழுதி முடிக்க முடியுமா? சின்னப்பம்பட்டி இங்கிருந்து டூவீலர் தூரம். 2018-ல சென்னை தடை முடிஞ்சு வந்த அதே ஏலத்துல, ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு எடுத்தான். 2020-ல அவர் போட்ட யார்க்கரைப் பாத்து நாடே அசந்துச்சு. ஆஸ்திரேலியாவுக்கு நெட் பவுலரா போனவர் ஒரே டூர்ல மூணு வகை ஆட்டத்துலயும் இந்தியாவுக்கு ஆடிட்டு வந்தாரு. சின்னப்பம்பட்டியில ரதத்துல ஏத்திக் கூட்டிட்டு வந்தப்ப கூட்டத்துல நானும் நின்னேன். ஒரு உண்மையையும் சொல்லிடறேன். 2025-ல டெல்லி அவருக்கு 10 கோடியே 75 லட்சம் குடுத்துட்டு பெரும்பாலும் வெளியிலதான் உக்கார வெச்சான். அதனால இப்ப எடுத்திருக்கணும்னு நான் சொல்லல. 40 லட்சத்துக்குக் கெடைச்சப்ப ஏன் கண்ணுல படல? அதுதான் கேள்வி.

"ஐபிஎல் வியாபாரம், இதுல ஊர்ப்பாசம் எதுக்கு?"ன்னு சென்னையில இருக்கற சில நண்பர்கள் கேப்பாங்க. தோனி ராஞ்சிக்காரர், ருதுராஜ் மராட்டியர், நூர் அகமது ஆப்கானியர். போன வருஷம் நம்ம டீம்ல உருப்படியா பந்து போட்டது நூர்தான், 24 விக்கெட். யாரையும் வெளியூர்க்காரன்னு நான் ஒதுக்கல. எல்லாரும் தமிழ்நாட்டுப் பையனா இருக்கணும்னும் கேக்கல. ஆனா வாழப்பாடி பக்கம் 2020-ல பெரிய மைதானம் தொறந்தாங்க, சூப்பர் கிங்ஸ் பேர்லயே சேலத்துல அகாடமி ஆரம்பிச்சாங்க. எங்க பசங்க அங்க மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டுப் பந்து போடறாங்க. அந்தப் பசங்களைப் பாக்கறதுக்கு ஒரு கண்ணு, வாங்கறதுக்கு ஒரு கண்ணுன்னு ரெண்டும் ஒரே தலையில இருக்க வேண்டாமா? அடுத்த வருஷத்து டீமைப் பாருங்க, தமிழ்நாடு அணிக்கு ஆடறவர்னு குர்ஜப்நீத் சிங் ஒருத்தர்தான் தென்படறாரு.

இனி தோனி. இதை எழுதுனா திட்டுவீங்கன்னு தெரியும். பரவால்ல.

என் கதை ஒண்ணு சொல்றேன். 41 வயசு வரைக்கும் எங்க ஊர் டென்னிஸ் பால் டீம்ல நான்தான் கீப்பர். ஒரு பொங்கல் டோர்னமெண்ட்ல ரெண்டு கேட்ச் விட்டேன், பைனல் போச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. அடுத்த பொங்கலுக்கு முன்னாடி ராத்திரி, கேப்டனா இருந்த பங்காளி வீட்டுப் பையன் வந்தான். திண்ணையில உக்காந்தான், தண்ணி வாங்கிக் குடிச்சான், ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "பெரியப்பா, இந்த வருஷம் நீங்க ஸ்கோர் எழுதுங்க"ன்னான். எனக்கு சோறு எறங்கல. மூணு நாள் அவன் மூஞ்சியைப் பாக்கல. ஆனா பொங்கலன்னைக்கு நோட்டை எடுத்துக்கிட்டுப் போய் உக்காந்தேன். புதுசா கீப்பிங் நின்ன பையன் மூணு கேட்ச் புடிச்சான். அவன் பேரை நோட்டுல எழுதுனது நான்தான்.

சென்னை நிர்வாகத்துல அந்தத் திண்ணைக்கு வர ஒருத்தருக்குத் தைரியம் இல்ல. பெங்களூருகிட்ட தோத்துக்கிட்டு இருக்கறப்ப தோனி ஒம்பதாவதா எறங்குனாரு. அது அவர் முழங்கால் சம்பந்தப்பட்ட விஷயமா இருக்கலாம், அவர் மேல குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. 44 வயசுல அவர் ஸ்டம்பிங் பண்ற வேகம் இன்னும் எவனுக்கும் வராது. ஆனா "இதுதான் கடைசியோ, கடைசியோ"ன்னு வருஷா வருஷம் நம்மளை மைதானத்துக்கு வரவெச்சு ஒரு டீமை ஓட்டறது ஏமாத்து. அதுக்கு நாமும் உடந்தை. நம்ம பேட்ஸ்மேன் அவுட் ஆனா தோனி வருவாருன்னு கை தட்டுன கூட்டத்துல நானும் ஒருத்தன். சொந்த விக்கெட் விழுந்ததுக்கு சந்தோசப்பட்ட ஒரே ரசிகர் கூட்டம் நாமதான் இருப்போம். நிர்வாகம் அதைப் பாத்துக்கிச்சு. ஜெயிச்சாலும் தோத்தாலும் சேப்பாக்கம் நெறையும்னு தெரிஞ்சவனுக்கு எரு போட என்ன அவசரம்?

பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் பெங்களூரு கோப்பை வாங்குனதுக்கு மறுநாள், தம்பி மகன் சிவப்பு சட்டை ஒண்ணு வாங்கிட்டு வந்தான். சின்ன வயசுல என் தோள் மேல உக்காந்து மஞ்சள் கொடி ஆட்டுனவன். நான் ஒண்ணும் சொல்லல. இந்த டீமுக்கு உண்மையான நட்டம் அங்கதான். பத்தாவது எடம் அடுத்த வருஷம் மாறிடும். சட்டை மாத்துன பையன் திரும்பி வர மாட்டான்.

ஜடேஜாவைக் குடுத்து சாம்சனை வாங்கியிருக்காங்க. பதிரானாவை விட்டுட்டாங்க, கொல்கத்தா 18 கோடிக்குத் தூக்கிட்டான். மாத்தம் பண்ண ஆரம்பிச்சது நல்லதுதான். நான் கேக்கறது மூணே விஷயம். வருஷம் முழுக்க டிஎன்பிஎல்-லயும் மாவட்ட ஆட்டங்கள்லயும் போய் உக்காந்து பாக்க ஆள் போடுங்க. வாங்கின சின்னப் பசங்களை சாய் கிஷோர் மாதிரி உக்கார வெக்காம ஆட விடுங்க, ரெண்டு மேட்ச்ல சொதப்புனாலும். மூணாவது, யாராவது ஒருத்தர் தோனி வீட்டுத் திண்ணைக்குப் போய் மரியாதையா உக்காருங்க. அவர் கெட்டிக்காரர், தண்ணி குடிச்சு முடிக்கறதுக்குள்ள புரிஞ்சுக்குவாரு.

மார்ச்ல மறுபடியும் டிவி முன்னாடி உக்காருவேன், வேற எங்க போறது? ஆனா இந்தத் தடவை நம்ம விக்கெட் விழுந்தா கை தட்ட மாட்டேன். சரிங்க, குச்சி வெயில்ல கெடக்கு, நெழலுக்கு மாத்தணும். திட்டறவங்க திட்டுங்க, ராத்திரி வந்து படிக்கறேன்.