பள்ளிக்கு விடுமுறை, பந்தயத்துக்கு இல்லை

தமிழ்நாட்டின் வருஷாந்திர மழையில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுவந்து கொட்டுகிற வடகிழக்குப் பருவ காலத்திலேயே நம் பள்ளிப் பிள்ளைகளின் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் பலவும் வந்து சேருகின்றன என்பது, மைதானத்தில் கால் வைத்தறியாதவர்களுக்கு அற்ப விஷயமாகத் தோன்றலாம். கடலோர மாவட்டங்களில் இருந்துகொண்டு, பெற்ற பிள்ளையை ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும் பழக்கியிருக்கும் குடும்பங்களுக்கோ அது வருஷந்தோறும் வயிற்றைக் கலக்குகிற சமாச்சாரம்.

எங்கள் மகள் மும்முறைத் தாண்டுதலில் மாவட்டத்தில் முதலாவதாக வந்து, மாநிலப் போட்டிக்காகத் திருச்சிக்குப் போகவேண்டியிருந்த சமயத்தில், வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று திரண்டு நின்றது. முந்தின இரவே நாகை மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தாயிற்று. போட்டியைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவே கரையேறியதைக் கண்ணால் கண்ட என் மாமியார், "இந்தக் காத்துல புள்ளைய அழைச்சிக்கிட்டுப் போகத்தான் வேணுமா மாப்பிள்ளை?" என்று கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் ஒதுக்கியிருக்கிற இந்த ராஜ்யத்தில், மாநிலப் போட்டியின் சான்றிதழ் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதை அறிந்தவர்கள், விடியுமுன்பே வண்டியை எடுத்ததற்காக எங்களைக் குறை சொல்லமாட்டார்கள்.

ஸ்பைக் ஷூவை இரண்டு பாலித்தீன் பைகளுக்குள் சுற்றி, ரப்பர் பாண்டு போட்டு, மடியில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருக்க, சம்பா நாற்று மூழ்கிய வயல் எது, வாய்க்கால் எது, சாலையின் விளிம்பு எது என்று பேதம் தெரியாதபடி பெய்த மழையில், திருவாரூரையும் கொரடாச்சேரியையும் கடந்து நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வந்து நின்றோம். அங்கே வயலில் வடிகால் வெட்டிவிட்டு, சாக்குப்பையைத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு, மண்வெட்டியோடு நின்ற பெரியவர் ஒருவர், நாங்கள் போகும் காரியத்தைக் கேட்டறிந்து, "ஓட்டப் பந்தயமா? இங்க தண்ணிதான் தம்பி ஓடுது" என்று சிரித்தார்.

தஞ்சாவூரைத் தாண்டியதும் மழை குறைந்தது. திருச்சியில் சாலை உலர்ந்து கிடந்தது. மைதானத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் சங்கதியின் சூட்சுமம் எனக்கு விளங்கிற்று: விடுமுறை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகிறது, போட்டியோ நடக்கும் ஊரின் வானத்தை மட்டும் பார்க்கிறது. என் மகளின் பிரிவில் பெயர்களை அழைத்தபோது, கடலோரத்துப் பெண் ஒருத்தியின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டும் பதில் வராமற்போகவே, பட்டியலில் ஒரு கோடு விழுந்தது. அவள் ஊர்ச் சாலையில் வெள்ளம் ஏறியிருப்பதாக உடன் வந்த உடற்கல்வி ஆசிரியை சொன்னது அந்தக் கோட்டை அழிக்கப் போதுமானதாக இல்லை. என் மகள் நான்காவதாக வந்தாள். வராத பெண் எந்த இடத்துக்கு வந்திருப்பாள் என்பது யாருக்கும் தெரியாது.

அதிகாரிகள் கருணையற்றவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. தங்கள் தலைக்கு மேல் வெயில் இருக்கும்போது நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால் பெய்யும் மழை ஞாபகத்துக்கு வராமற்போவது மனித சுபாவம். அதனால்தான் அதை ஞாபகத்துக்கு விடாமல் விதியாக எழுதிவைக்க வேண்டும் என்கிறேன். கூடுமானவரை இப்போட்டிகளைப் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால், எந்த மாவட்டத்தில் மழைக்காகப் பள்ளி விடுமுறை அறிவிக்கப்படுகிறதோ, அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் கலந்துகொள்ளும் பந்தயங்களை மட்டுமாவது மறுநாளைக்கு ஒத்திப்போட வேண்டும். மழையில் பள்ளிக்கு வரவேண்டாம் என்று குழந்தைக்குச் சொல்லும் சர்க்கார், அதே மழையில் மைதானத்துக்கு வராததற்காக அவள் பெயரை அடிப்பது தகாது.